வெளிநாட்டில் வாழ்ந்தபடியே வாழ்க்கைத்துணைக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கணவன் மனைவி இருவருமே அமெரிக்காவுக்கு வெளியே, சிங்கப்பூரிலோ அபுதாபியிலோ சென்னையிலோ ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள். ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், மற்றவருக்கு அது இல்லை. பிள்ளைகளின் படிப்புக்காகவோ, முதுமை எய்திய பெற்றோருக்காகவோ, புதிய வேலைக்காகவோ அமெரிக்காவில் குடியேற இருவரும் முடிவெடுக்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது.

இந்த விசாவைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள், அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு அங்கிருந்தபடியே வெளிநாட்டிலுள்ள மனைவியை அழைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இருவருமே வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஒன்றாக வாழ்வதால் திருமணம் உண்மையானது என்று காட்டுவது அவர்களுக்கு எளிது. அமெரிக்காவில் சம்பளமும் இல்லை, வீடும் இல்லை, சிலருக்கு வருமான வரிக் கணக்கும் இல்லை என்பதுதான் தடையாகிறது. அதற்கடுத்த தடை, ஆவணங்களில் பெயர் ஒன்றுபோல் இல்லாமை. இந்த இரண்டையும் மனுப் போடுவதற்கு முன்பே சரிசெய்யத் தொடங்கியவர்கள் பல மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள்.

இனி, அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ உள்ளவரை மனுதாரர் என்றும், விசா பெற வேண்டியவரை விண்ணப்பதாரர் என்றும் குறிப்பிடுகிறேன்.

எந்த விசா, யாருக்கு

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரின் கணவனும் மனைவியும் ‘உடனடி உறவினர்’ என்ற பிரிவில் வருகிறார்கள். இப்பிரிவுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆகையால் வரிசை எண் வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலையும் இல்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்திருந்தால் கிடைப்பது ஐஆர்-1, நிறைவடையாவிட்டால் சிஆர்-1. ஐஆர்-1 விசாவில் நுழைபவருக்குப் பத்து ஆண்டு கிரீன் கார்டு கிடைக்கும். சிஆர்-1 விசாவில் நுழைபவருக்கு நிபந்தனையுடன் கூடிய இரண்டு ஆண்டு கார்டு கிடைக்கும், அதன் நிபந்தனையை நீக்கப் பின்னர் ஐ-751 என்ற மனுவைத் தனியே போட வேண்டும். விசா கையில் வந்தபின் இரண்டாம் திருமண நாளுக்குச் சில வாரங்களே இருக்குமானால், விசா செல்லுபடியாகும் காலத்துக்குள் அந்த நாளைத் தாண்டிப் பயணம் செய்வது நல்லது. நுழையும்போது அதிகாரியிடம் அதைச் சுட்டிக்காட்டினால் ஐஆர்-1 ஆகவே அனுமதிப்பார், ஐ-751 வேலையும் செலவும் மிச்சமாகும்.

மனுதாரரிடம் குடியுரிமை இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் கதை வேறு. அவருடைய மனைவிக்கு எஃப்2ஏ என்ற, ஆண்டு வரம்புள்ள பிரிவே உண்டு. அதைவிடப் பெரிய கவலை, கிரீன் கார்டு வைத்துக்கொண்டு நீண்ட காலம் வெளிநாட்டில் குடியிருப்பவர் தன் குடியேற்ற உரிமையையே இழக்க நேரிடும் என்பது. அத்தகையவர் மனுப் போடுவதற்கு முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் பலர் தவறாக எண்ணும் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, உடனடி உறவினர் பிரிவில் தாயின் மனுவோடு பிள்ளை தானாகச் சேராது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 மனு வேண்டும். மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளைக்கும், அப்பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்குள் உங்கள் திருமணம் நடந்திருந்தால், மனுப் போடலாம். இரண்டாவது, வெளிநாட்டில் பிறந்த உங்கள் சொந்தப் பிள்ளை பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கக்கூடும். பெற்றோரில் ஒருவர் மட்டுமே அமெரிக்கராக இருக்கும் திருமணங்களில், அந்த அமெரிக்கப் பெற்றோர் பிள்ளை பிறப்பதற்கு முன் மொத்தம் ஐந்து ஆண்டுகள், அவற்றுள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தமது 14 வயதுக்குப் பின், அமெரிக்காவில் வாழ்ந்திருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு விசா கிடையாது, கொடுக்கவும் மாட்டார்கள். தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு செய்து அமெரிக்கக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும்.

முதல் படி: ஐ-130 மனு

எல்லாம் தொடங்குவது ஐ-130 படிவத்தில். இதை யுஎஸ்சிஐஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறையிடம் மனுதாரர் தாக்கல் செய்கிறார். வெளிநாட்டில் இருப்பவருக்கு இணையவழித் தாக்கலே வசதியானது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி இணையவழியில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675 டாலர். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் நாளில் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மனுவோடு சேர்க்க வேண்டியவை: மனுதாரரின் குடியுரிமைச் சான்று, திருமணச் சான்றிதழ், இருவரில் எவருக்கேனும் முந்தைய திருமணம் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான மணவிலக்குத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ், இருவரின் இரண்டங்குலச் சதுரப் புகைப்படங்கள், விண்ணப்பதாரரைப் பற்றிய ஐ-130ஏ என்ற துணைப் படிவம், திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகள்.

படிவத்தில் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். விண்ணப்பதாரரின் தாய்மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படாத மொழியானால், அவர் பெயரையும் வெளிநாட்டு முகவரியையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதும்படி ஒரு பகுதி கேட்கிறது. தமிழர்கள் அங்கே தமிழிலேயே எழுத வேண்டும், பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மற்றோர் இடத்தில், விண்ணப்பதாரர் அமெரிக்காவுக்குள்ளேயே தன் குடியேற்ற நிலையை மாற்றிக்கொள்ளப் போகிறாரா, வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் விசா கேட்கப் போகிறாரா என்ற கேள்வி வருகிறது. தூதரகம் என்று தெளிவாகக் குறித்து நகரத்தின் பெயரையும் எழுதுங்கள். இதில் பிசகினால், அங்கீகரிக்கப்பட்ட மனு அடுத்த அலுவலகத்துக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிடும், அதை நகர்த்த ஐ-824 என்று இன்னொரு படிவமும் இன்னொரு கட்டணமும் தேவைப்படும்.

உண்மையான திருமணத்துக்கான சான்று என்றால் கூட்டு வங்கிக் கணக்கும் கூட்டு வாடகை ஒப்பந்தமும் என்றே எங்கும் எழுதியிருப்பார்கள். சிங்கப்பூரில் இருவர் பெயரிலும் வீடு எடுத்திருப்பவர்களுக்கு அது சரி. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மாமனார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக வாழும் தம்பதிக்கு வாடகை ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? அதனால் கலங்க வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் துணைவரை நாமினியாகக் குறித்த தாள், கணவர் பெயர் சேர்க்கப்பட்ட கடவுச்சீட்டு, இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை, ஒருவர் மற்றவருக்குத் தொடர்ந்து பணம் அனுப்பிய வங்கிக் குறிப்புகள், சேர்ந்து சென்ற பயணச் சீட்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அந்த வீட்டிலேயே ஒன்றாக வாழ்கிறார்கள் என்று குடும்பத்தார் எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை சேர்ந்தால் போதிய வலுவான தொகுப்பாகும். திருமண ஆல்பத்திலிருந்து நூறு படங்களை அனுப்புவதைவிட, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு உறவினர்களோடு எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களை நாளும் இடமும் குறித்து அனுப்புவது மேல்.

திருமணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டின் சட்டப்படி செல்லுபடியாகிறதா என்பதே அடிப்படை அளவுகோல். கோயிலோ தேவாலயமோ தந்த சான்று மட்டும் போதாது, அரசுப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது, கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் தருகிறது. ஆகவே தாலி கட்டிய கையோடு பதிவு அலுவலகத்துக்கும் போய்வந்துவிடுங்கள். நம்மிடையே வழக்கமான தாய்மாமன் திருமணமும் அத்தை மகன், மாமன் மகள் திருமணமும் இங்கே சட்டப்படி செல்லும் என்றாலும், அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணத்தை ஏற்பதில்லை. எந்த மாநிலத்தில் குடியேறப் போகிறீர்கள் என்பதை வைத்து முன்கூட்டியே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மனு அங்கீகரிக்கப்படப் பல மாதங்கள் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் வழக்கம். சில அவசர நிலைகளில் மட்டும், மனுவை அமெரிக்காவுக்கு அனுப்பாமல் நீங்கள் வாழும் நாட்டின் அமெரிக்கத் தூதரகமே நேரடியாகப் பெற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மனுதாரருக்கு அமெரிக்காவில் வேலையோ இடமாற்றமோ மிகக் குறுகிய அவகாசத்தில் கிடைத்திருப்பது, உயிருக்கு அச்சுறுத்தல், அவசர மருத்துவத் தேவை, பிள்ளை வயது வரம்பைத் தாண்டப் போவது போன்றவை அவ்வகையில் வரும். வெளிநாட்டுத் தளங்களில் பணியாற்றும் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பொதுவான அனுமதியே உண்டு. ஏற்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. நிறுவனம் தந்த கடிதத்தில் வேலை தொடங்கும் நாள் தெளிவாக இருந்தால், ஐ-130 மனுவை இணையத்தில் போடுவதற்கு முன்பே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். முதலில் இணையத்தில் போட்டுவிட்டால் இந்த வழி பொதுவாக அடைபட்டுவிடும்.

இரண்டாம் படி: தேசிய விசா மையம்

அங்கீகரிக்கப்பட்ட மனு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு வழக்கு எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் மின்னஞ்சலில் வரும். அவற்றைக் கொண்டு இணையத்தில் நுழைந்து இரண்டு கட்டணங்களைச் செலுத்த வேண்டும்: விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்தின் (அடுத்து வரும் ஐ-864 படிவம்) பரிசீலனைக்கு 120 டாலர். பணம் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும் என்பதால், அப்படியொரு கணக்கு இல்லாத மனுதாரர் இப்போதே ஒன்றைத் தொடங்கிவிடட்டும், அடுத்து வரும் வசிப்பிடப் பிரச்சினைக்கும் அது உதவும்.

பின்னர் விண்ணப்பதாரர் டிஎஸ்-260 என்ற இணையப் படிவத்தை நிரப்புகிறார். 16 வயதுக்குப் பின் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் அது கேட்கும். கல்லூரி விடுதி, வேலைக்குப் போன ஊர், வளைகுடா முகாம் என எதையும் விடாமல் நாட்களோடு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்ட பின் படிவத்தைத் திறப்பது நல்லது. முந்தைய சுற்றுலா விசா விண்ணப்பத்தில் சொன்னதற்கும் இதில் சொல்வதற்கும் முரண் இருந்தால் அதிகாரி கேட்பார்.

மையம் எழுதிய பின் ஓராண்டு காலம் எந்தத் தொடர்பும் கொள்ளாமல் விட்டால் வழக்கு முடித்துவைக்கப்படலாம். ஆவணங்கள் தயாராகவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இணையக் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

ஐ-864: இங்கேதான் பல வழக்குகள் நின்றுவிடுகின்றன

ஐ-864 என்பது, குடியேறி வருபவரை அரசு உதவியை நாடாதபடி தாங்குவேன் என்று மனுதாரர் கையெழுத்திட்டுத் தரும் சட்டப்பூர்வ ஒப்பந்தம். மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டின் அட்டவணைப்படி இருவர் உள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலராக இருந்தது. உங்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களானாலும் குடும்ப எண்ணிக்கையில் சேர்வார்கள், அதற்கேற்பத் தொகை உயரும்.

சிங்கப்பூரில் கைநிறையச் சம்பளம் வாங்கும் மனுதாரர், ‘இதைப்போல மூன்று மடங்கு சம்பாதிக்கிறேனே’ என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் அமெரிக்காவுக்குப் போனதும் அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்றால் அது கணக்கில் வராது. அதே நிறுவனம் அமெரிக்காவுக்கு மாற்றுகிறது என்றோ, அங்கிருந்தபடியே அதே வேலையைத் தொடரலாம் என்றோ கடிதம் தந்தால்தான் வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 2555 படிவத்தைப் பயன்படுத்தியவரின் வரிக் கணக்கில் மொத்த வருமானம் என்ற வரியில் பூச்சியமோ மிகச் சிறு தொகையோ இருக்கும். அதை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு வருமானமே இல்லாதவர் போலத் தோன்றும். ஆகவே 2555 படிவத்தின் நகலையும் சம்பளச் சான்றையும் சேர்த்து, ஒரு பக்க விளக்கமும் எழுதி வைக்க வேண்டும்.

வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் நிறைய உண்டு. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் உலகில் எங்கு வாழ்ந்தாலும், வரம்புக்கு மேல் வருமானம் இருந்தால் அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும், கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை என்றாலும்கூட. அமெரிக்காவில் பிறந்து சிறுவயதிலேயே ஊர் திரும்பியவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்காக ஐஆர்எஸ் ஒரு சீரமைப்பு வழியை வைத்திருக்கிறது: மூன்று ஆண்டு வரிக் கணக்கையும் ஆறு ஆண்டு வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்த்துத் தாக்கல் செய்தால் அபராதம் இல்லை. ஐ-864 கேட்கும் வேளையில் இதைத் தொடங்கினால் காலம் போதாது. ஐ-130 போடும் வாரத்திலேயே இதைத் தெரிந்த கணக்காளரைப் பாருங்கள்.

வருமானம் குறைந்தால் சொத்தைக் காட்டலாம். குடிமகனின் துணைவருக்கான மனுவில், குறையும் தொகையைப் போல் மூன்று மடங்கு நிகர மதிப்புள்ள, ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடிய சொத்து வேண்டும். வருமானமே இல்லாத இருவர் குடும்பத்துக்கு அது 2025 அட்டவணைப்படி 79,311 டாலராக இருந்தது. விண்ணப்பதாரரின் சேமிப்பும் இதில் சேரும். ஊரிலுள்ள வீட்டையும் மனையையும் காட்டலாம், ஆனால் மதிப்பீட்டாளரின் அறிக்கையும், கடன் இல்லை என்பதற்கான வில்லங்கச் சான்றும், விற்ற பணத்தை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியும் என்ற விளக்கமும் தேவை. வங்கியிலுள்ள ரொக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லாததால், இயன்றவர்கள் அதையே முதன்மையாகக் காட்டுவது நல்லது.

மூன்றாவது வழி இணை ஸ்பான்சர். அமெரிக்காவில் வாழும், 18 வயது நிறைந்த, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள எவரும் தனியாக ஓர் ஐ-864 தரலாம், அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மவர்கள் அண்ணனையோ சித்தப்பா மகனையோ கேட்பார்கள். கேட்கும்போது முழு உண்மையையும் சொல்லிவிடுங்கள். இந்தப் பொறுப்பு, விண்ணப்பதாரர் குடியுரிமை பெறும்வரையோ, ஏறத்தாழப் பத்து ஆண்டு வேலைக்கு ஈடான 40 காலாண்டுகள் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் சேரும்வரையோ தொடரும், தம்பதி மணவிலக்குப் பெற்றாலும் நீங்காது. ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்று சொல்லி வாங்குவது உறவுக்குச் செய்யும் துரோகம்.

இணை ஸ்பான்சர் கிடைத்தாலும் மனுதாரரின் சொந்த ஐ-864 கட்டாயம். அதில் அவர் அமெரிக்காவில் நிலையான வசிப்பிடம் உடையவர் என்று காட்டியாக வேண்டும். பணத்துக்கு இன்னொருவர் துணை நிற்கலாம், வசிப்பிடத்துக்கு யாரும் துணை நிற்க முடியாது. அமெரிக்க அரசுப் பணி, அமெரிக்க நிறுவனப் பணி போன்ற சில காரணங்களுக்காகத் தற்காலிகமாக வெளிநாட்டில் இருப்பவர் வசிப்பிடத்தை இழக்கவில்லை என்று காட்டலாம். மற்றவர்கள், துணைவர் நுழையும் நாளிலோ அதற்கு முன்னரோ அமெரிக்காவில் குடியிருப்பை மீண்டும் தொடங்கப் போவதை நம்பும்படி நிறுவ வேண்டும். துணைவர் முதலில் போய் வேலை தேடட்டும், நான் ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்ற திட்டம் இந்த விசாவில் நடக்காது.

எதைக் காட்டலாம்? அமெரிக்க வங்கிக் கணக்கு, வெளிநாட்டிலிருந்து வாக்களித்த பதிவு, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், வேலை விண்ணப்பங்களும் நேர்காணல் மின்னஞ்சல்களும், வேலை உத்தரவு, வாடகை ஒப்பந்தம், அக்காவின் வீட்டில் முதலில் தங்கப் போவதாக அவர் எழுதிய கடிதம், பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி விசாரித்த பதில்கள், வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பக் கேட்ட விலைப்புள்ளி, இங்குள்ள வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரருக்குக் கொடுத்த அறிவிப்பு. ஒன்றிரண்டு தாள்கள் தனியே நின்று எதையும் நிறுவாது. ஒரு குடும்பம் மூட்டை கட்டுகிறது என்ற காட்சி அந்தத் தாள்களிலிருந்து தானாக எழ வேண்டும்.

சிவில் ஆவணங்களும் பெயர்ச் சிக்கலும்

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காவல்துறைச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றின் தெளிவான ஸ்கேன் பிரதிகளைத் தேசிய விசா மையத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும், அசல்களை நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், தமக்கு இருமொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையும் சரியுமானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர வேண்டும்.

இப்போது பெயருக்கு வருவோம். ராமசாமியின் மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறது, பெற்றோர் பெயர் மட்டும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ‘ஆர். கவிதா’. கடவுச்சீட்டில் பெயர் என்ற இடத்தில் ‘கவிதா’, குடும்பப் பெயர் என்ற இடம் காலி. திருமணச் சான்றிதழில் கணவர் பெயரைச் சேர்த்துக் ‘கவிதா செந்தில்’. நமக்கு இவை நான்கும் ஒரே பெண் என்பதில் ஐயமே இல்லை. அமெரிக்க முறையில் குடும்பப் பெயர் இல்லாத கடவுச்சீட்டைப் பார்த்ததும் கவிதா என்பதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, பெயர்க் கட்டத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் எஃப்என்யு என்ற மூன்றெழுத்தைப் போடுவார்கள். அது விசாவிலும் கிரீன் கார்டிலும் ஏறி, பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எங்கும் தொடரும்.

இதைத் தடுக்கும் நேரம் ஐ-130 போடுவதற்கு முன்புதான். கடவுச்சீட்டைப் புதுப்பித்து, பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டங்களில் வருமாறு செய்து, அதே எழுத்துக்கூட்டலை எல்லாப் படிவங்களிலும் பயன்படுத்துங்கள். பழைய ஆவணங்களில் வேறுபாடு இருப்பதை மறைக்க வேண்டாம், ஒரே நபர்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்து, மற்ற பெயர்கள் எல்லாவற்றையும் படிவத்தில் ‘பயன்படுத்திய பிற பெயர்கள்’ பகுதியில் எழுதிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழின் வெறுமையான கட்டத்தில், பிறப்பைப் பதிவு செய்த மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்க்கலாம். பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றிதழை அதே அலுவலகத்தில் பெற்று, பள்ளிச் சான்றிதழையும் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் உறுதிமொழியையும் துணைச் சான்றாகத் தரலாம்.

காவல்துறைச் சான்றிதழ், நாடு நாடாக வாழ்ந்தவர்களைத்தான் அலைக்கழிக்கும். குடியுரிமை உள்ள நாட்டிலும் இப்போது வாழும் நாட்டிலும் ஆறு மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருந்தால் அங்கிருந்தும், 16 வயதுக்குப் பின் பன்னிரண்டு மாதங்கள் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த வேறு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும். கைதாகியிருந்தால் எவ்வளவு குறைந்த காலம் தங்கியிருந்தாலும் வேண்டும். அமெரிக்காவில் வாழ்ந்த காலத்துக்கு மட்டும் தேவையில்லை. சான்றிதழ் இரண்டு ஆண்டுகள் செல்லும், முன்பு வாழ்ந்த நாட்டுக்குத் திரும்பவும் போகாதவராயின் அந்நாட்டுச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. இந்தியச் சான்றிதழை வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் பெறலாம்.

நேர்காணல்

எல்லாம் சரியென்று மையம் ஏற்றபின், ஆவணத் தகுதி பெற்றதாக மின்னஞ்சல் வரும், பிறகு நேர்காணல் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல், விண்ணப்பதாரர் வசிக்கும் நாட்டிலோ குடியுரிமை உள்ள நாட்டிலோதான் நேர்காணல் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை விதி வகுத்திருக்கிறது. சிங்கப்பூரில் முறையான அனுமதியோடு வாழும் இந்தியர் அங்கேயே நேர்காணலை முடிக்கலாம். இந்தியாவில் வாழ்பவர்களுக்கு மும்பைத் துணைத் தூதரகமே முதன்மையான இடம், இலங்கையில் வாழ்பவர்களுக்குக் கொழும்புத் தூதரகம். சில நாட்டுக் குடிமக்களுக்கு விசா வழங்குவதில் 2025 முதல் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு மாறிவருவதால், உங்கள் குடியுரிமைக்கு என்ன நிலை என்பதை வெளியுறவுத் துறையின் தளத்தில் பார்த்த பின்னரே வேலையை விடுவதும் வீட்டைக் காலி செய்வதும் நல்லது.

நேர்காணலுக்கு முன் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்ய வேண்டும். 15 வயது நிறைந்தவர்களுக்கு மார்பு எக்ஸ்-ரேயும், வயதுக்கேற்ற தடுப்பூசிகளும் உண்டு. பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் கொண்டுபோங்கள், மீண்டும் போட்டுக்கொள்வது குறையும். மருத்துவ அறிக்கை பொதுவாக ஆறு மாதமே செல்லும், விசாவின் காலமும் அதைத் தாண்டாது.

அதிகாரியின் கேள்விகள் எளியவை: எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள், துணைவர் என்ன வேலை செய்கிறார், அமெரிக்காவில் எங்கே தங்கப் போகிறீர்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள், பெண் பார்த்த நாள், நிச்சயதார்த்தம், யார் மூலம் வரன் வந்தது என்று நடந்ததைச் சொன்னால் போதும். காதல் கதையாக மாற்றிச் சொல்லச் சொல்லித் தரும் முகவர்கள் உண்டு, அவர்களை அண்டாதீர்கள். பொய்த் திருமணம் என்று முடிவானால் அதன்பின் எந்த மனுவும் அங்கீகரிக்கப்படாது. முக்கியமான செய்தியில் பொய் சொன்னதாகப் பதிவானால் வாழ்நாள் தடை வரும், அதை நீக்க விலக்கு மனுப் போட்டுப் போராட வேண்டும். முன்பு அமெரிக்காவில் அனுமதிக் காலம் தாண்டி 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறியவருக்கு மூன்று ஆண்டுத் தடையும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியவருக்குப் பத்து ஆண்டுத் தடையும் உண்டு. இவர்கள் நேர்காணலுக்குப் போகுமுன் வழக்கறிஞரோடு ஐ-601 விலக்கு மனுவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

கையில் 221(ஜி) என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆவணம் குறைகிறது அல்லது கூடுதல் பரிசீலனை நடக்கிறது என்று பொருள். கேட்டதை மட்டும் கேட்ட முறையில் விரைவில் அனுப்புங்கள். வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு இந்தத் தாள் வரும்போது, கேட்கப்படுவது பெரும்பாலும் மனுதாரரின் வசிப்பிடச் சான்றோ வலுவான இணை ஸ்பான்சரோதான்.

விசா வந்த பின்

பயணத்துக்கு முன் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தைச் செலுத்துங்கள், அது கட்டப்படாமல் கிரீன் கார்டு அச்சாகாது. மூடி முத்திரையிட்ட உறை தந்திருந்தால் திறக்காமல் கைப்பையிலேயே வையுங்கள். நுழைவில் குத்தப்படும் முத்திரையோடு அந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிகக் கிரீன் கார்டாகச் செல்லும், அதைக் காட்டி வேலையில் சேரலாம். கார்டு நீங்கள் கொடுத்த அமெரிக்க முகவரிக்குத் தபாலில் வரும் என்பதால், அந்த வீட்டுத் தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டச் சொல்லிவிடுங்கள். குடிபெயர்ந்தால் பத்து நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிஆர்-1 விசாவில் நுழைந்தவர்கள், இரண்டு ஆண்டுக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனுவைப் போட வேண்டும். வந்த நாள் முதலே கூட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வரிக் கணக்கு, காப்பீட்டுத் தாள்களை ஒரு கோப்பில் சேர்த்துவந்தால் அப்போது தேட வேண்டியிராது.

அமெரிக்கத் துணைவரோடு மணவாழ்வில் சேர்ந்து வாழ்பவர் மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் குடும்பச் சூழலால் மீண்டும் சில காலம் வெளிநாடு செல்ல நேர்ந்தால், ஓராண்டுக்கு மேல் வெளியே தங்க வேண்டியிருந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி கேட்டுவிட வேண்டும், விமானம் ஏறியபின் கேட்க முடியாது. மனுதாரரை அமெரிக்க அரசோ அமெரிக்க நிறுவனமோ முறைப்படி வெளிநாட்டுப் பணிக்கு அனுப்புவதாக இருந்தால், அவரோடு செல்லும் துணைவர் மூன்று ஆண்டுக் காத்திருப்பு இல்லாமலே விரைவுக் குடியுரிமை கேட்கச் சட்டத்தில் 319(பி) என்ற பிரிவு இடம் தருகிறது. பணி மாற்ற உத்தரவு கைக்கு வந்ததும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.